எஸ்டேட் ஜீப்பும் மாருதி 800-உம்: ஏற்காட்டில் ஸ்டியரிங் தேய்ந்தால்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 98ஆம் விதி ஸ்டியரிங்கைப் பற்றியது. சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா ஆடும் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் ஜாயிண்டுகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டோ பின்னோ போட்டு இணைத்த இடங்களில் அவை கழன்றுவிடாதபடி பூட்டு இருக்க வேண்டும். தேய்மானத்தைப் பற்றி விதி சொல்வது இவ்வளவுதான். 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்றால் விளிம்பில் கிட்டத்தட்ட 10 செ.மீ. நாற்கரச் சாலையில் அந்த அளவு ஆட்டத்தோடு ஒருவர் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் நடுவில் எதிரே பஸ் இறங்கும்போது, சும்மா போகிற அந்த 10 செ.மீ. சுற்றிக் கடந்த பிறகுதான் சக்கரம் நகரத் தொடங்கும் என்றால் அந்த வண்டியை நான் ஓட்ட மாட்டேன். ரப்பர் மூடியையும் பூட்டையும் பற்றி விதி சொன்னது சரி. எண் மட்டும் மலைக்குப் பொருந்தாது.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களின் கொட்டகைகளுக்கு ஏற்ற இரண்டு வண்டிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று மஹிந்திராவின் பழைய ஜீப், அதிலும் சிஜே3பி வகை. மற்றது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800. ஸ்டியரிங் அமைப்பில் இவை இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். தேய்ந்த பாகத்தை வீட்டிலேயே மாற்றலாமா என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு பதில் தருகின்றன. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஜீப்பில் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பாக்ஸ். உள்ளே திருகுப் பள்ளம் வெட்டிய கேம், அந்தப் பள்ளத்தில் பொருந்தி நகரும் லீவர். ராஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு இது. லீவரின் தண்டில் வெளியே தொங்கும் டிராப் ஆர்ம் டிராக் லிங்கைத் தள்ளும். டிராக் லிங்க் நடுவிலுள்ள பெல் கிராங்கைத் திருப்பும். பெல் கிராங்கிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக இரண்டு டை ராடுகள் சக்கரங்களுக்குப் போகும். பாக்ஸைக் கணக்கில் சேர்க்காமலே தேய்வதற்கு 7 இடங்கள். ஓட்டுநரின் கையிலிருந்து ஒரு சக்கரத்துக்குப் போகும் பாதையில் மட்டும் 5 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. ஆட்டம் விழுந்தால்கூட எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். பழைய ஜீப் ஓட்டுபவர்கள் நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே போவது பழக்கதோஷத்தால் அல்ல.

மாருதியில் தண்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம். அது பல் வெட்டிய நீண்ட கம்பியை இடமும் வலமுமாக நகர்த்தும். அந்தக் கம்பிதான் ரேக். அதன் இரு முனையிலும் ரேக் எண்ட், அதன் வெளி முனையில் டை ராட் எண்ட், அதோடு சக்கரம். முடிந்தது. இணைப்பு குறைவு, அதனால் ஆட்டம் குறைவு, கைக்கு இறுக்கம். இந்த அமைப்பு நம் நாட்டுக்கு மாருதியோடுதான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியில் வந்த அம்பாசடரில் முதலிலிருந்தே இருந்தது ரேக்தான். டாக்ஸியாகவும் அரசு வாகனமாகவும் அது மலைகளில் அத்தனை வருடம் ஏறி இறங்கியும் அதன் ஸ்டியரிங்கை யாரும் பெருமையாகப் பேசவில்லை, பாவம்.

சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். அதனால் ரேக்கின் நடுப் பற்களும் பாக்ஸின் நடுப்பகுதியும்தான் முதலில் தேயும். மலையில் அந்தத் தேய்மானம் அப்படியே இருக்க, அதற்கு மேல் இன்னொன்றும் சேரும். சேலத்துக்கு ஒரு முறை போய்வந்தால் 40 கொண்டை ஊசித் திருப்பங்கள். மெதுவான வேகம், முழு பாரம், முழு லாக், அதாவது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பிய நிலை. ஏற்றத்தில் முதல் கியரில் அப்படித் திரும்பும்போது டை ராட் எண்டின் உள்ளே இருக்கும் குண்டு, கோப்பையின் விளிம்புவரை சாய்ந்து நின்று பளுவைத் தாங்குகிறது. ரேக்கின் ஒரு பக்க ரப்பர் பெல்லோஸ் முழுக்க விரிகிறது, மறுபக்கம் முழுக்க மடிகிறது. மடிப்பில் வெடிப்பு விழுந்தால் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் மாறி மாறிச் செம்மண் கலந்த தண்ணீரை உள்ளே அனுப்பும். ரேக்குக்கு உள்ளே இருப்பது வெறும் கிரீஸ். அது கழுவப்பட்ட பிறகு துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

இந்த இடத்தில் ஜீப்பைப் புகழ்ந்தாக வேண்டும். அதன் இணைப்புகளில் கிரீஸ் நிப்பிள் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் பழைய கிரீஸும் சேறும் வெளியே வந்துவிடும், புதியது உள்ளே போகும். மாருதியின் டை ராட் எண்ட் ஆயுளுக்கும் மூடி முத்திரையிட்டது. வாங்கியவர் அதைப் பராமரிக்க வேண்டியதே இல்லை என்பது வசதி. பராமரிக்க நினைத்தாலும் முடியாது என்பது அந்த வசதியின் மறுபக்கம். ஏழு இடத்தில் தேயும் ஜீப்பின் சொந்தக்காரர் அந்த ஏழையும் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார். நான்கே இணைப்புகள் உள்ள காரின் சொந்தக்காரர் ‘டக் டக்’ என்று சத்தம் வரும்வரை கீழே குனிவதில்லை.

தேய்ந்தது எது என்று கண்டுபிடிப்பதில் இரண்டு வண்டிக்கும் முறை ஒன்றுதான். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பாகமும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகம் நகர்ந்து மற்றது தாமதித்து நகர்ந்தால் விரல் சொல்லிவிடும். கண்ணுக்கு அது தெரியாது. அடுத்தது ஜாக்கியில் தூக்கிய சக்கரம். கடிகாரத்தில் 9-உம் 3-உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடுடையது. 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில் வந்தால் வீல் பேரிங், அல்லது ஜீப்பில் கிங் பின், காரில் கீழ்ப் பால் ஜாயிண்ட். அப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி பேரிங்.

கழற்றுவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவம், அது ஸ்டியரிங் ஆர்மின் கூம்புத் துளையில் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் அது வராது. தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பவர்கள் மரை கெட்டுப்போய் அடுத்த நாளும் அதே இடத்தில் குந்தியிருப்பார்கள். அடிக்க வேண்டியது ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில். ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் நறுக்கென்று இரண்டு மூன்று அடி. கூம்பு படாரென்று விடுபடும். புல்லர் இருந்தால் சத்தமே இல்லை. கவை போன்ற கருவியை இடையில் அடித்து இறக்கினாலும் வரும், ஆனால் ரப்பர் மூடி கிழியும். பழையதைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் கவலையில்லை. வேறு வேலைக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டப் போகிறோம் என்றால் அந்தக் கவையைக் கையில் எடுக்காதீர்கள்.

பூட்டும்போது கேசில் நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வராமல் போகும். துளைக்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. அடுத்த வெட்டு வரும்வரை இறுக்கத்தான் வேண்டும். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது இங்கே சர்வ சாதாரணம். வளைத்து நிமிர்த்திய கம்பி மறுபடி வளைக்கும்போது எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது. 98ஆம் விதி கேட்கும் பூட்டு இந்தச் சிறு கம்பிதான்.

இதுவரைக்கும் ஜீப்பும் காரும் ஒரே தட்டில். வீட்டில் செய்யலாமா கூடாதா என்பதை நட்டைக் கழற்றும் சிரமத்தை வைத்து முடிவு செய்தால் இரண்டுமே வீட்டு வேலைதான். ஆனால் நான் வேறு அளவுகோல் வைக்கிறேன். பூட்டிய பிறகு வேலை சரியாக இருக்கிறதா என்று அதே கொட்டகையில் அளந்து பார்க்க முடிகிறதா? முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அந்த வேலை பாதிதான் முடிந்தது.

அளக்க வேண்டியது டோ. இரு முன்சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் பின் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஜீப்பின் முன் ஆக்சில் ஒரே கட்டை. தூக்கினாலும் இறக்கினாலும் சக்கரங்களின் கோணம் மாறாது. அதனால் ஆக்சிலை உயர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரின் நடுவில் சுண்ணக்கட்டி தேய்த்து ஆணிமுனையால் ஒரு கோடு இழுத்துவிடலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, அச்சின் உயரத்தில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்புறம் 1 முதல் 2.5 மி.மீ.வரை குறைவாக இருந்தால் சரி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் போதும். குழல் வடிவ டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. கிளாம்பைத் தளர்த்திக் குழலைத் திருப்பினால் நீளம் கூடும், குறையும். திரும்ப அளக்கலாம், திரும்பத் திருப்பலாம். கொட்டகையின் தரை சாய்வாக இருந்தாலும் அளவு கெடாது.

மாருதியில் இதைச் செய்து பாருங்கள். முன்புறம் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். காரை ஜாக்கியில் தூக்கியதும் சக்கரம் கீழே தொங்கும், அப்போது டோ வேறாகிவிடும். தூக்கி வைத்து அளந்த அளவு பொய். கார் தன் எடையோடு தரையில் நிற்க வேண்டும், இறக்கிய பின் கொஞ்ச தூரம் உருட்டி சஸ்பென்ஷனை உட்கார விட வேண்டும், இரு பக்கமும் நூல் கட்டி அளக்க வேண்டும், முன் பின் சக்கரங்களின் அகல வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். இத்தனைக்கும் சமதளம் வேண்டும். ஏற்காட்டில் வீட்டு வாசலில் நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? சரிவில் படிக்கட்டு வெட்டி வீடு கட்டிய ஊர் இது.

பழைய டை ராட் எண்டில் எத்தனை சுற்று இருந்ததோ அத்தனை சுற்றே புதியதையும் ஏற்றினால் போதும் என்பார்கள். அது வண்டியை அலைன்மெண்ட் பட்டறைவரை கொண்டுசேர்ப்பதற்கு மட்டும் போதும். மரையின் இடைவெளி 1.25 மி.மீ., ஸ்டியரிங் ஆர்ம் 11 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று தவறினால் மாருதியின் 12 அங்குல வீலில் டோ கிட்டத்தட்ட 3.5 மி.மீ. அளவுக்கு மாறிவிடும். புதிய பாகத்தின் நீளம் பழையதைவிட ஒரு இழை வித்தியாசப்பட்டாலும் இதே கதி. சுற்றை எண்ணுவதோடு, லாக் நட்டிலிருந்து குண்டின் நடுவரை அளந்தும் வையுங்கள். இன்னொன்று: டோவை ஒரே பக்கத்தில் மட்டும் சரிசெய்தால் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அதைச் சரிசெய்ய ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுகிறவர்கள் உண்டு. பார்க்க நேராகிவிடும், ரேக் மட்டும் நடுவில் இருக்காது. ஒரு பக்க வளைவில் அதிகமாகவும் மறுபக்க வளைவில் குறைவாகவும் திரும்பும் காரோடு 20 வளைவு இறங்கினால்தான் அதன் அருமை புரியும்.

ஆக, டை ராட் மட்டத்தில் ஜீப் வீட்டுப் பிள்ளை. கார் பாதி வேலை வீட்டில், மீதி சேலத்தில். அந்த மீதிக்காகக் கீழே போகும் பயணமே சரிபார்க்காத ஸ்டியரிங்கோடு மலை இறங்கும் பயணம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அளந்து பூட்டியிருந்தால் மெதுவாக இறங்கலாம். குத்துமதிப்பாகப் பூட்டியிருந்தால் கூடாது.

அடுத்த மட்டமான பாக்ஸுக்கும் ரேக்குக்கும் போனால் நிலைமை தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. ஜீப்பின் பாக்ஸில் வெளியே ஒரு ஸ்குரூ தெரியும், அதற்கு ஒரு லாக் நட். “கால் சுத்து டைட் வெச்சா ஆட்டம் போயிடும்ங்கண்ணா” என்று யாராவது சொல்வார்கள். போகவும் போகும். ஆனால் கேமின் பள்ளம் நடுவில் குறுகலாகவும் ஓரங்களில் சற்று அகலமாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதுதான் பிடிப்பு இறுக்கம். அந்த நடுப்பகுதி தேய்ந்த பிறகு அங்கே இருக்கும் ஆட்டத்தை ஸ்குரூவால் போக்கினால், தேயாத ஓரங்களில் லீவர் இறுகிக்கொள்ளும். வளைவில் முழு லாக் போட்ட ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். சமவெளியில் இது எரிச்சல். வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேராக வரும் என்று கையைத் தளர்த்துகிற மலைப்பாதையில் இது விபத்து. ஸ்குரூவைத் தொட்டால் டிராக் லிங்கைப் பிரித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக்வரை வெறுங்கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்காமல், நடுவில் மட்டும் லேசாகத் தட்டுப்பட வேண்டும். ஓரத்தில் பிடித்தால் பாக்ஸ் பிரிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. டிராக் லிங்கின் ஸ்பிரிங் கோப்பைகளைத் திருகும்போதும் இதே கதைதான்: முழுக்கத் திருகிச் சற்றுத் தளர்த்திப் பின் போட வேண்டும். ஆட்டம் போகட்டும் என்று கெட்டியாக விட்டால் அந்த இணைப்பு இறுகி நிற்கும்.

ரேக்கிலும் இதே போன்ற ஒரு பிளக் இருக்கிறது. ஸ்பிரிங்கை வைத்து ரேக்கைப் பினியன் என்ற அந்தச் சிறு பல்சக்கரத்தின் மேல் அழுத்துவது அது. தேய்மானமும் நடுவில், ஆபத்தும் அதே ஆபத்து. ஆனால் ரேக்கைப் பிரித்துப் பல்லையோ புஷ்ஷையோ மாற்றுவதைவிட முழு ரேக்கையும் மாற்றுவதே வழக்கம். காரில் இருக்கும் ஒரே பெரிய பாகம் போனால் எல்லாமே போனது. ஜீப் பாக்ஸை ஒரு நல்ல லேத் பட்டறை புஷ் போட்டு மீட்டுவிடும், சேலத்தில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. மாற்றிய ரேக்கையோ பிரித்துப் பூட்டிய பாக்ஸையோ வீட்டில் சோதிக்கும் வழி நம்மிடம் மிகக் குறைவு. என் அளவுகோலில் இரண்டும் பட்டறைக்குத்தான்.

பின்னால் வந்த கார்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கும் ஏர்பேக்கும் உள்ள வண்டிகளில் வெளி டை ராட் எண்டை மேலே சொன்னபடி மாற்றலாம். ஆனால் ஸ்டியரிங் தண்டை ரேக்கிலிருந்து பிரிக்க நேர்ந்தால் ஸ்டியரிங் சுழலாதபடி கட்டி வைக்க வேண்டும். உள்ளே ஏர்பேக்குக்கு மின்சாரம் போகும் நாடாச் சுருள் அளவுக்கு மேல் சுற்றினால் அறுந்துவிடும்.

உதிரிபாகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டை ராட் எண்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்தக் கதையே உண்டு: 1929இல் சென்னையில் வணிக நிறுவனமாகத் தொடங்கிய ரானே, 1960 வாக்கில் இதைத் தயாரிக்க இறங்கியது. நல்ல பாகம் கிடைக்காத ஊரில் நாம் இல்லை. பெட்டியில் அச்சு மங்கலாகவும், குண்டை விரலால் அசைத்தால் தளதளவென்றும் இருக்கும் சரக்கை விலைக்காக வாங்காதீர்கள். புதிய டை ராட் எண்டின் குண்டு கையால் அசைக்கக் கடினமாக இருக்க வேண்டும்.

சரிவில் ஜாக்கி போடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, கீழே சமமான பலகை, தூக்கியதும் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறார்கள். அது நொறுங்கும்போது முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. சுத்தியலால் அடிக்கிற வேலை இது, வண்டி குலுங்கத்தான் செய்யும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்தை மலைப்பாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள தட்டையான தெருக்களில் இரண்டு பக்கமும் முழு லாக் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் இரு பக்கமிருந்தும் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா, சக்கரம் எங்காவது உரசுகிறதா என்று கவனியுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, கீழே குனிந்து, ஒவ்வொரு லாக் நட்டிலும் ஒரு முறை ஸ்பேனரை வையுங்கள். அந்த நட்டுகள் நகராமல் நின்றால் மட்டும் சேலம் இறங்குங்கள்.